விமான நிலையங்களுக்கிடையே தூரமும் நேரமும்: பாறசாலையிலிருந்து ஒரு கணக்கு

கேரள மாநிலத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்துள்ளது பாறசாலை. அதையடுத்துச் சில கிலோ மீட்டர் தொலைவில் களியக்காவிளை. அங்கே தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை பிரிந்தாலும் உறவும் வாணிபமும் பிரியவில்லை. பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர் போன்ற எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கின்றன.

இக்கிராமங்களைச் சேர்ந்தோர் படிப்புக்கும் பணிக்கும் மருத்துவத்துக்கும் சென்னை செல்வதுண்டு; வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரும் உண்டு. இவர்களில் ஒருவர், 'சென்னை எவ்வளவு தொலைவு?' என்று கேட்பதாக வைத்துக் கொள்வோம். நிலப்படத்தைப் பார்ப்பவர் சுமார் 610 கி.மீ. என்பார். இரயில்வே ஊழியர், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், மதுரை வழியாகச் சுமார் 800 கி.மீ. என்பார். விமானப் பயணச் சீட்டு தூரத்தையே குறிப்பிடாமல், ஏறத்தாழ ஒன்றரை மணி என்று நேரத்தை மட்டும் காட்டும். மூன்று விடைகளும் சரியானவையே. ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

இரு விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் எவ்வாறு அளக்கிறார்கள், அந்த அளவுகள் எதற்குப் பயன்படுகின்றன, எதற்குப் பயன்படமாட்டா என்பதை மாணவரும் அலுவலரும் அறிந்திருப்பது நன்று. ஏனெனில் கட்டணம், மானியம், இழப்பீடு, சாலைத் திட்டம் ஆகிய பலவும் இந்த அளவுகளின் மேல் நிற்கின்றன.

அளவை தொடங்கிய இடம்

சென்னை விமான நிலையம் பரங்கிமலையின் அருகே மீனம்பாக்கத்தில் அமைந்துள்ளது. இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவையும் இதன் அருகிலேயே தொடங்கிற்று என்பது நினைவிற்கொள்ளத்தக்க செய்தி. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பகுதியில் சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அளக்க ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. அதன் பிறகு நீளங்களைச் சங்கிலியால் அளக்க வேண்டிய தேவை குறைந்தது. குன்றுகளின் உச்சியிலிருந்து கோணங்களை அளந்து, முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் தூரங்களைக் கணக்கிட முடிந்தது.

திருவிதாங்கூர்ப் பகுதியை வார்டு, கானர் என்னும் இரு அலுவலர்கள் 1816 முதல் 1820 வரை அளந்தனர். 1837-இல் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஓர் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் துல்லியமாக அறிவதற்கு இத்தகைய நிலையங்கள் துணை செய்தன.

விமானம் வந்தபோது இந்த அளவைகள் யாவும் ஆயத்தமாக இருந்தன. திருவனந்தபுரம் விமானத் தளம் 1932-இல் தோன்றியது. 1935 நவம்பர் 1-ஆம் நாள் டாட்டா விமான நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்துகொண்டு இங்கிருந்து பம்பாய் நோக்கிப் புறப்பட்டது. 1991-இல் இது பன்னாட்டு விமான நிலையமாயிற்று.

நேர்கோடு எது?

இரு ஊர்களுக்கிடையே நிலப்படத்தில் அளவுகோலை வைத்துக் கோடு வரைவது எளிது. ஆனால் புவி உருண்டை. உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, அவ்விரு புள்ளிகளின் வழியாகவும் புவியின் மையத்தின் வழியாகவும் செல்லும் தளம் மேற்பரப்பை வெட்டும் வட்டத்தின் ஒரு பகுதியாகும். இதைப் பெருவட்டம் என்பர். உருண்டையான ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மேல் இரு ஊசிகளைக் குத்தி, அவற்றுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே பெருவட்டப் பாதையில் அமையும்.

விமான நிலையம் என்பது ஒரு புள்ளியன்று. பல நூறு ஏக்கர் பரப்பு. ஆதலால் ஒவ்வொரு நிலையத்துக்கும், அதன் ஓடுபாதை அமைப்பின் மையத்தை ஒட்டி, ஆதாரப்புள்ளி ஒன்றை வரையறுத்து வெளியிடுகிறார்கள். நிலையங்களுக்கிடையே தூரம் என்பது ஆதாரப்புள்ளிகளுக்கிடையே உள்ள தூரமேயாகும். பயணியர் நுழைவாயில் எங்கே இருப்பினும் இந்த அளவு மாறுவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். அருகிலுள்ள நிமிடத்துக்கு முழுமையாக்கினால், திருவனந்தபுரம் நிலையம் வட அட்சரேகை 8 பாகை 29 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 76 பாகை 55 கலையில் உள்ளது. சென்னை நிலையம் வட அட்சரேகை 12 பாகை 59 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகை 10 கலையில் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கலைகள்.

முதற்படி: அட்சரேகை வேறுபாடு 4 பாகை 30 கலை, அதாவது 270 கலை. தீர்க்கரேகை வேறுபாடு 3 பாகை 15 கலை. அதாவது 195 கலை.

இரண்டாம் படி: தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குகின்றன. ஆகவே 195 கலையை அப்படியே கொள்ளலாகாது. இரு நிலையங்களின் சராசரி அட்சரேகையான 10 பாகை 44 கலையின் கொசைன் மதிப்பால் அதைப் பெருக்க வேண்டும். அம்மதிப்பு 0.9825. பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 191.6 கலை.

மூன்றாம் படி: 270, 191.6 ஆகிய இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு, பிதாகரசு தேற்றப்படி கர்ணத்தைக் காண வேண்டும். விடை 331 கலை.

பெருவட்டத்தில் ஒரு கலை நீளமே கடல்மைல் எனப்படுவது. 1929-இல் பன்னாட்டு அளவில் இதன் நீளம் 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டது. எனவே தூரம் 331 கடல்மைல். கிலோ மீட்டரில் 613. விமானிகள் கிலோ மீட்டரை விடுத்துக் கடல்மைலைக் கையாள்வதன் காரணமும் இதுவே: கோணமே தூரமாகி விடுவதால் கணக்கு எளிதாகிறது.

இம்முறை சில நூறு கிலோ மீட்டர் தூரங்களுக்குப் பொருந்தும். நெடுந்தூரத்துக்குக் கோள முக்கோணவியல் வாய்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் இடையே எளிய முறையில் கணக்கிட்டால் சுமார் 2,956 கி.மீ. வரும். கோள வாய்பாட்டின்படி சுமார் 2,947 கி.மீ. தூரம் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது.

உருண்டையிலும் ஒரு தட்டை

புவி முழு உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. இதனால் நிலநடுக்கோட்டின் அருகே ஒரு பாகை அட்சரேகையின் நீளம் சுமார் 110.6 கி.மீ.; துருவங்களின் அருகே சுமார் 111.7 கி.மீ. தென்னிந்தியா நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், வடக்கு தெற்காக அளக்கப்படும் நம் தூரங்கள் உருண்டைக் கணக்கு கூறுவதைவிடச் சிறிது குறையும். தட்டையைக் கணக்கிற்கொண்டால் திருவனந்தபுரம், சென்னை நிலையங்களின் இடைத்தூரம் சுமார் 611 கி.மீ. ஆகும். வேறுபாடு 2 கி.மீ. அளவே.

பயணிக்கு இது பொருட்டன்று. ஆனால் மேகத்தினூடே ஓடுபாதையைத் தேடி இறங்கும் விமானத்துக்கு இது பெரும் பொருட்டு. இந்திய நில அளவை நெடுங்காலம் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரால் வழங்கும் 1830-ஆம் ஆண்டுப் புவி வடிவ மதிப்புகளைப் பயன்படுத்தியது. வேறு நாடுகள் வேறு மதிப்புகளைக் கொண்டிருந்தன. ஒரே இடத்துக்கு நாட்டுக்கு நாடு சற்றே வேறுபட்ட ஆயங்கள் இருந்தால், செயற்கைக்கோள் காட்டும் இடமும் வரைபடம் காட்டும் இடமும் பொருந்தா. ஆகவே 1998 ஜனவரி 1 முதல், உலகப் புவிக்கணிப்பு முறை 1984 என்னும் ஒரே அடிப்படையைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்குப் பொது முறையாகப் பன்னாட்டு உரிமையியல் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது.

வானிலும் வழி உண்டு

611 கி.மீ. என்பது கணக்கின் தூரம். விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, ஓடுபாதையின் திசை. விமானம் காற்றை எதிர்நோக்கியே ஏறவும் இறங்கவும் வேண்டும். திருவனந்தபுரத்தின் ஓடுபாதை கடற்கரையை ஒட்டி வடமேற்கு தென்கிழக்காகக் கிடக்கிறது. சென்னையோ வடகிழக்கில் உள்ளது. கடற்காற்று வீசும்போது வடமேற்கு நோக்கிக் கடலின் மேல் எழும்பும் விமானம், வலப்புறம் வளைந்து திரும்பிய பின்னரே சென்னைக்கான திசையைப் பிடிக்கும். அந்த வளைவில் கடக்கும் தூரம் வரைபடத்துக் கோட்டில் சேராதது.

இரண்டாவது, வான்வழிகள். குறிக்கப்பட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லுமாறு வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. தற்செயலாக, இவ்விரு நிலையங்களுக்கிடையே உள்ள நேர்கோடு மதுரைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் அருகிலேயே செல்கிறது. அவ்விரு ஊர்களின் விமான நிலையங்களை இணைத்துக் கணக்கிட்டாலும் மொத்தத்தில் ஒன்றிரண்டு கிலோ மீட்டரே கூடுகிறது. எல்லாத் தடங்களுக்கும் இந்த வாய்ப்பு இராது. படைத்துறைக்கென ஒதுக்கிய வான்பரப்பைச் சுற்ற வேண்டியிருந்தால் தூரம் பெரிதும் கூடும்.

மூன்றாவது, இறங்கும் நிலையத்தின் நெரிசல். பல விமானங்கள் ஒருசேர வரும்போது கட்டுப்பாட்டு அலுவலர் அவற்றை வரிசைப்படுத்துகிறார். பின்னால் வருபவை சற்றுச் சுற்றவோ வட்டமிடவோ நேரும்.

இவற்றைக் கருதியே, விமானப் பயணத்தால் வெளியாகும் கரிப்புகையைக் கணக்கிடும்போது, மேற்படி பன்னாட்டு அமைப்பின் கணக்கீட்டு முறை பெருவட்டத் தூரத்துடன் ஒரு தொகையைக் கூட்டிக் கொள்கிறது. 550 கி.மீ.-க்குக் குறைந்த தூரத்துக்கு 50 கி.மீ.; 550 முதல் 5,500 வரை 100 கி.மீ.; அதற்கு மேல் 125 கி.மீ. இதன்படி திருவனந்தபுரம், சென்னைத் தடத்தின் தூரம் 711 கி.மீ. எனக் கொள்ளப்படும்.

தூரத்திலிருந்து நேரம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். ஜெட் விமானம் தரையைப் பொறுத்து மணிக்கு 450 கடல்மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 331-ஐ 450-ஆல் வகுத்தால் கிடைப்பது 44 நிமிடம். ஆனால் பயணச் சீட்டில் ஒன்றரை மணிக்குச் சற்று முன்பின்னாகவே நேரம் காணப்படும். மீதி நேரம் எங்கே போயிற்று?

விமானம் எழும்போதும் இறங்கும்போதும் அதன் வேகம் குறைவு. குறுந்தூரப் பயணத்தில் பறக்கும் காலத்தில் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிகிறது. இதற்கும் வளைந்து செல்வதற்கும் 16 நிமிடம் சேர்த்தால், சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை ஒரு மணி நேரம் ஆகும். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும், முறைக்குக் காத்திருக்கவும், இறங்கியபின் நிறுத்துமிடம் சேரவும் 25 நிமிடம் கொண்டால் மொத்தம் 85 நிமிடம். புறப்படுவதற்காக விமானம் அசையத் தொடங்கியது முதல் சேருமிடத்தில் அசைவற்று நிற்கும் வரையுள்ள இந்த நேரத்தையே நிறுவனங்கள் கால அட்டவணையில் வெளியிடுகின்றன. இதை நிறுத்தம் முதல் நிறுத்தம் வரையான நேரம் எனலாம்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். விமானத்தின் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினாலும், அந்த 44 நிமிடத்தில் நான்கு நிமிடமே மிச்சமாகும். மணிக்கு 270 கடல்மைல் வேகமுள்ள உந்துசுழலி விமானம் இதே தூரத்தை 74 நிமிடத்தில் கடக்கும். வேகம் ஜெட் விமானத்தில் ஐந்தில் மூன்று பங்கே என்றாலும், ஏறி இறங்கி ஊர்ந்து செல்லும் நேரங்களையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி அரை மணியளவே. சிறு ஊர்களை இணைக்கும் குறுந்தடங்களில் இத்தகைய விமானங்கள் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றின் பங்கு

விமானம் காற்றினூடே செல்கிறது; காற்றும் தரையின் மேல் நகர்கிறது. தரையைப் பொறுத்த வேகம் இரண்டும் சேர்ந்ததே. மேற்கூறிய விமானம் மணிக்கு 40 கடல்மைல் எதிர்காற்றில் சென்றால் வேகம் 410 ஆகி, 331 கடல்மைலைக் கடக்க 48 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். திரும்பும்போது அதே காற்று பின்னின்று உந்தினால் வேகம் 490 ஆகி, 41 நிமிடத்துக்குள் முடியும். போக வரச் சேர்த்து ஏறத்தாழ 89 நிமிடம். காற்றே இல்லாவிடில் 88 நிமிடத்துக்குச் சற்று மேல். போகும்போது இழந்ததை வரும்போது முழுவதும் ஈட்ட முடிவதில்லை. எதிர்காற்றில் விமானம் கூடுதல் நேரம் தங்குவதே இதன் காரணம்.

தென்மேற்குப் பருவக் காலத்தில் தரையை ஒட்டி மேற்குக் காற்று வீசும்போது, 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் தென்னிந்தியாவின் மேல் வலிய கீழைக்காற்று ஓடுகிறது. இந்த வெப்பமண்டலக் கீழை வேகக்காற்றை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம் 1950-களில் ஆராய்ந்து விளக்கினார். விமானங்கள் அதற்குச் சற்றுக் கீழே பறந்தாலும் அதன் தாக்கத்தை உணர்கின்றன. ஆதலால் ஒரே தடத்துக்கு ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் வெவ்வேறு நேரம் அமைவது இயல்பு.

கடிகாரம் காட்டும் நேரம்

வளைகுடா செல்வோர் கருத வேண்டிய மற்றொன்று நேர மண்டலம். துபாய் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தியது. திருவனந்தபுரத்தில் காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் துபாயில் பிற்பகல் 12.45-க்குச் சேர்வதாக அட்டவணை கூறினால், பயணம் இரண்டே முக்கால் மணி என்று முடிவு செய்வது தவறு. ஒன்றரை மணியைக் கூட்ட வேண்டும். உண்மைப் பயண நேரம் நாலே கால் மணி. திரும்பும் வழியில் அதே ஒன்றரை மணியைக் கழிக்க வேண்டும். இரு நேரங்களையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொண்டு பின் கழிப்பதே பிழையற்ற வழி.

அட்டவணையை மாற்றும் ஊர்வழக்குகளும் உண்டு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. விமானத் தளம் தோன்றுவதற்கு முன்பிருந்தே வழங்கும் பாதை இது. அந்நாள்களில் சில மணி நேரம் ஓடுபாதை மூடப்பட்டு விமானங்களின் நேரம் முன்கூட்டியே மாற்றி அறிவிக்கப்படுகிறது.

அளவு விதியாகும்போது

தூரமும் நேரமும் அரசாணைகளில் இடம்பெறும்போது, எந்த அளவு என்பது பணத்தின் கேள்வியாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இயற்றிய பயணியர் இழப்பீட்டு விதியில், 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்னும் எல்லைகள் பெருவட்ட முறையில் அளக்கப்பட வேண்டும் என்றே எழுதப்பட்டுள்ளது. விமானம் எவ்வழிச் சென்றாலும் சச்சரவுக்கு இடமில்லை.

நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்ட 'உடான்' வட்டாரத் தொடர்புத் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே பறந்தது. சுமார் 500 கி.மீ. அல்லது ஒரு மணி நேரப் பயணத்துக்குக் குறிப்பிட்ட இருக்கைகளில் 2,500 ரூபாய் உச்சவரம்பு என்பது அத்திட்டத்தின் தொடக்க அறிவிப்பாகும்.

2020 மே மாதம், பெருந்தொற்று முடக்கத்துக்குப் பின் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது, அரசு தூரத்தை விடுத்து நேரத்தை அளவாகக் கொண்டது. பயண நேரத்தின்படி தடங்கள் ஏழு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. 40 நிமிடத்துக்குக் குறைந்த பயணத்துக்கு 2,000 முதல் 6,000 ரூபாய் வரையும், 180 முதல் 210 நிமிடப் பயணத்துக்கு 6,500 முதல் 18,600 ரூபாய் வரையும் தொடக்கத்தில் கட்டண எல்லைகள் விதிக்கப்பட்டன. 2022 ஆகஸ்டு இறுதியில் இவ்வரம்புகள் நீக்கப்பட்டன. தூரம் மாறாதது, நேரம் காற்றாலும் நெரிசலாலும் அட்டவணையாலும் மாறுவது. எனவே நேரத்தை அளவாகக் கொள்ளும் விதி, எந்தத் தடம் எந்த வகுப்பு என்பதைப் பட்டியலிட்டே தீர வேண்டியதாகிறது.

வாசலிலிருந்து வாசல் வரை

இனி, பாறசாலைப் பயணியிடம் திரும்புவோம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ.; சாலை வழியே சுமார் 35 கி.மீ. ஆனால் அது வடமேற்கே உள்ளது. சென்னை வடகிழக்கே உள்ளது. பாறசாலையிலிருந்து சென்னை நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 610 கி.மீ. விமான நிலையத்தை அடைந்த பிறகும் மீதித் தூரம் ஏறத்தாழ அதுவே. ஒரு மணி நேரம் சாலையில் சென்ற பின்னும் சென்னை அருகில் வந்திருப்பதில்லை.

இப்பயணத்தை எடுத்துக்காட்டாகக் கணக்கிடலாம். வீட்டிலிருந்து விமான நிலையம் வரை 60 நிமிடம். சோதனைகளுக்கும் காத்திருப்புக்கும் 90 நிமிடம். நிறுத்தம் முதல் நிறுத்தம் வரை 85 நிமிடம். இறங்கிப் பெட்டியைப் பெற்று வெளிவர 30 நிமிடம். 2016 முதல் விமான நிலையம் வரை ஓடும் மெட்ரோ இரயிலிலோ வேறு ஊர்தியிலோ நகருக்குள் செல்ல 45 நிமிடம். மொத்தம் 310 நிமிடம். ஐந்து மணி பத்து நிமிடம். இதில் வானில் கழிவது ஒரு மணியே. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இரவு முழுவதும் ஓடும் இரயிலோடு ஒப்பிட்டால் இது பெரும் சேமிப்பே. திருவனந்தபுரம், நாகர்கோவில் இருப்புப்பாதை 1979-இல் திறக்கப்பட்டபின் பாறசாலைக்கு இரயில் நிலையம் வாய்த்தது. கேரள எல்லைக்குள் தெற்கு நோக்கிச் செல்வோருக்கு அதுவே கடைசி நிலையம். இரயில் ஊர் வாசலுக்கே வருகிறது. விமானத்துக்கு ஊர்தான் செல்ல வேண்டியிருக்கிறது. அவசர மருத்துவத்துக்கோ, உறவினர் இறுதிச் சடங்குக்கோ, நேர்முகத் தேர்வுக்கோ புறப்படுபவருக்கு வான் நேரம் 60 நிமிடம் என்னும் செய்தி மட்டும் போதாது. தரையில் கழியும் நான்கு மணியே அவர் உரிய நேரத்தில் சேர்வாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

திட்டமிடுவோர் கவனத்துக்கு

இக்கணக்கிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன.

ஒன்று, பெருவட்டத் தூரம் எந்தத் திட்டத்தாலும் குறையாது. விமானத்தின் வேகத்தைக் கூட்டிப் பெறும் சேமிப்பு நான்கு நிமிடம். ஆனால் பாறசாலையிலிருந்து விமான நிலையம் செல்லும் 60 நிமிடம் 40 ஆகக் குறைந்தால் சேமிப்பு 20 நிமிடம். கழக்கூட்டத்திலிருந்து எல்லைக் கிராமமான காரோடு வரை அமைக்கப்பட்ட புறவழிச்சாலையின் பயனை இந்த நோக்கில் அளவிட வேண்டும். எல்லைக் கிராமத்தாருக்கு அது சாலைத் திட்டம் மட்டுமன்று. விமானப் போக்குவரத்துத் திட்டமும் ஆகும். உரிய நேரத்தில் ஓடும் உள்ளூர் இரயிலும், அதிகாலை விமானத்துக்கு ஏற்ப இயங்கும் பேருந்தும் அவ்வாறே.

இரண்டு, தூரத்தை மாநில எல்லைக்குள் அடைத்து அளக்கலாகாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. தமிழ்நாட்டுப் பட்டியலை மட்டும் வைத்துத் தேடுபவர் தூத்துக்குடியை அண்மை நிலையமாகக் காட்டக்கூடும். ஆனால் பாறசாலைப் பகுதியிலிருந்து தூத்துக்குடி நிலையம் நேர்கோட்டில் சுமார் 105 கி.மீ.; திருவனந்தபுரம் 30 கி.மீ. எல்லைக்கு அப்பால் களியக்காவிளையிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஆகவே ஒரு மாநிலத்தின் நிலையத்துக்கான சாலை, பேருந்து, இரயில் வசதிகளைத் திட்டமிடும்போது அடுத்த மாநிலத்து மக்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். அதற்கு இரு மாநில அலுவலர்களும் ஒரே கணக்கைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

கட்டணத்துக்குப் பெருவட்டத் தூரம், எரிபொருளுக்குப் பறந்த தூரம், அட்டவணைக்கு நிறுத்தம் முதல் நிறுத்தம் வரையான நேரம், மக்களுக்கு வாசல் முதல் வாசல் வரையான நேரம் என ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு உண்டு. லாம்டன் பரங்கிமலையருகே நீட்டிய சங்கிலி நிலத்தின் தூரத்தைக் கூறிற்று. பாறசாலையின் ஒரு வீட்டு வாசலில் தொடங்கும் கடிகாரமே, அந்தத் தூரம் மக்களுக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கூறும்.